கடலுக்கு வரிசை சொன்னவள்

தண்ணீர் ஒரு நாள் வந்தால் மூன்று நாள் வராத ஊர் ஒன்று தர்மபுரிப் பக்கம் உண்டு; அந்த ஊரில் எங்கள் தெரு உண்டு, தெருவுக்கு ஒரே ஒரு குழாய் உண்டு, குழாய்க்கும் தெருவுக்கும் நடுவில் நின்று சத்தம் போட மாதம்மா உண்டு. குழாயில் முதலில் காற்று வரும், பிறகு இருமல் வரும், பிறகு துருநிறத்தில் ஒரு வாய் தண்ணீர் வரும், அதற்கப்புறம்தான் நல்ல தண்ணீர் வரும். அந்த நல்ல தண்ணீர் வருவதற்குள் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகத் தெருவின் குடங்களெல்லாம் ஆள் இல்லாமலேயே வரிசையில் நின்றிருக்கும், ஏனென்றால் எங்கள் தெருவில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி, ஓட்டைக் குடம் நின்றாலும் ஆள் நின்ற மாதிரி, குடத்துக்குப் பதிலாக ஒரு செங்கல் நின்றாலும் அதற்குக் கைகால் முளைத்து அங்கே நிற்கிற மாதிரிதான். செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு முன்னே போகப் பார்த்தவர்கள் மாதம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும்.

அவள் "நில்லு" என்றால் நிற்பார்கள். அதற்குக் காரணம் அவள் குரல் இல்லை. குரல் எதிர்வீட்டுக் கஸ்தூரிக்கும் உண்டு, இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். வரிசை சொல்கிறவள் கடைசியில்தான் பிடிக்க வேண்டும் என்று மாதம்மா தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் பிடித்தபின் கடைசிக் குடம் அவளுடையது. அந்தக் கடைசிக் குடம் வருவதற்குள் குழாய் மறுபடி இருமி நின்றுவிட்ட நாட்கள் நிறைய. அப்போதெல்லாம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாராவது ஒரு சொம்பு நீட்டினாலும் வாங்காமல், ஒன்றுமே நடக்காத மாதிரி வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த நடையைப் பார்த்தவர்களால் அவள் பேச்சை மீற முடிந்ததில்லை.

அந்த மாதம்மாவும் தெருப் பெண்களும் சேர்ந்து, மாசி மாதத்தில் ஒரு சனி ஞாயிறுக்கு, முபாரக்கின் வேனைப் பிடித்துக்கொண்டு சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள்.

வேன் கிளம்பியதிலிருந்தே யாருக்கும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்தவள் நடுவுக்கு வந்தாள், நடுவில் இருந்தவள் முன்னே போனாள், புளிச்சோற்றுத் தூக்கு ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆளுக்கொரு ஆசை சொன்னார்கள். பூங்காவனத்தம்மா, தெருவிலேயே மூத்தவள், சிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கஸ்தூரி, தானாக ஓடுகிற படிக்கட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"எனக்குச் சிங்கமும் வேணாம், படிக்கட்டும் வேணாம்" என்றாள் மாதம்மா. "கடல்ல போயி நிக்கணும். தண்ணி அதுவா ஓடி வந்து, குடம் கேக்காம, முறை கேக்காம, என் கால்ல மோதணும். மோதிட்டுப் போகட்டும். அவ்வளவுதான்."

"கால நனைக்கறதுக்கா இவ்வளவு தூரம்? சொல்லியிருந்தா நான் வாசல் தெளிக்கறப்ப உன் கால்லயும் ரெண்டு கை தெளிச்சிருப்பேனே" என்றாள் கஸ்தூரி.

"நீ தெளிக்கற தண்ணி யாரு புடிச்ச தண்ணின்னு எனக்குத் தெரியும்டி. வாய மூடிக்கிட்டு வா."

வண்டலூரில் சிங்கம் தூங்கியது. பூங்காவனத்தம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏ சாமி, எந்திரி, தர்மபுரியிலேர்ந்து வந்திருக்கோம்" என்று கெஞ்சிப் பார்த்தாள். சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து, தர்மபுரியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் மூடிக்கொண்டது. மெட்ரோ ரயிலில், இறங்குகிறவர்கள் இறங்கட்டும், அப்புறம் வயசானவர்கள், அப்புறம் மற்றவர்கள் என்று மாதம்மா வாசலை மறித்துக் கை காட்டிக்கொண்டிருந்தபோதே கதவு மூடிக்கொண்டது. பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. உள்ளே போனவர்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே சுரங்கத்துக்குள் போய் மறைந்தார்கள், வெளியே நின்றவர்கள் சாவு விழுந்த மாதிரி ஒப்பாரி வைத்தார்கள், அடுத்த ஸ்டேஷனில் கண்டெடுத்துக் கட்டிக்கொண்டபோது பத்து வருஷம் பிரிந்திருந்த மாதிரி அழுதார்கள். வணிக வளாகத்தின் ஓடும் படிக்கட்டிலோ மாதம்மா அடியில் நின்று, "ஒருத்தர் ஏறி முடியட்டும், அப்புறம் அடுத்தவங்க" என்று ஒவ்வொருவராக விட்டாள். பின்னால் வந்த பட்டணத்துப் பிள்ளைகள் இதுதான் இங்கே சட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, போனைப் பார்த்தபடியே வரிசையில் நின்றார்கள்.

இதெல்லாம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் சாய்கிற நேரத்தில் வேன் கடற்கரைச் சாலையில் வந்து நின்றது. "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்கம்மா, காலைல எனக்குக் கல்யாண சவாரி இருக்கு" என்று முபாரக் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணல், மணல், மணல். பஜ்ஜிக் கடை, சோளக் கடை, பலூன் சுடுகிற கடை, ராட்டினம், கடிவாளத்தை இழுத்துக்கொண்டு நிற்கிற குதிரை, இதையெல்லாம் தாண்டி எங்கள் தெருப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். அவிழ்த்துப் போட்ட செருப்புகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு மாதம்மா கடைசியாக வந்தாள்.

வந்து, செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, கடலைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் எதிரே ஒரு பெரிய அலை கிளம்பியது. மற்ற அலைகளை இடித்துக்கொண்டு, தோளால் தள்ளிக்கொண்டு, நுரை தெறிக்க, யார் நிற்கிறார்கள், யார் விழுகிறார்கள் என்று பார்க்காமல், குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குழாயடியில் பாய்கிறவளைப் போல அது வந்தது. மாதம்மாவின் கை தானாக உயர்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"ஏய், நில்லு! என்னா அவசரம்? வரிசையில வா!"

அலை நின்றது.

முழங்கால் உயரத்தில், தலையில் நுரையோடு, கொட்டிலுக்கு வெளியே தடுத்து நிறுத்திய மாடு போல அது நின்றது. அதன் பின்னால் வந்த அலை அதன்மேல் மோதாமல் ஓர் அடி தள்ளி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று, கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கடலின் இரைச்சல் அடங்கிவிட்டது. சத்தம் நின்றுபோனதில், மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, என்ன காணோம், என்ன காணோம் என்று வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா, நின்னுடுச்சு" என்றாள் கஸ்தூரி.

"நில்லுன்னா நிக்கத்தான் செய்யும்" என்றாள் மாதம்மா. "யாரு முதல்ல? பூங்காவனத்தக்கா, நீ வா."

பூங்காவனத்தம்மா போய் நின்றாள். மாதம்மா கையசைத்தாள். முதல் அலை மட்டும் முன்னே வந்து, பூங்காவனத்தம்மாவின் முழங்கால் வரை ஏறி, சேலைக் கரையை நனைத்து, காலடி மணலைக் கொஞ்சம் உருவிக்கொண்டு, மற்ற அலைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கித் திரும்பிப் போயிற்று. "யப்பா, குளிருது!" என்று பூங்காவனத்தம்மா சிறுபிள்ளை போலச் சிரித்தாள். அடுத்தது, அடுத்தது என்று தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு அலை வாங்கிக்கொண்டார்கள். கஸ்தூரி தன் அலையோடு படம் எடுத்துக்கொண்டாள். மாதம்மா கையைக் கீழே போடும் வரை அலை பல்லை இளித்தபடி அசையாமல் நின்றது.

கஸ்தூரியும் முடித்தாள். எங்கள் தெருவில் பாக்கி மாதம்மா ஒருத்திதான். அவள் கையை உதறிவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

"அக்கா, நாங்க அப்பவே வந்து நின்னுட்டோம்" என்றது ஒரு குரல். புதுத் தாலி போட்ட ஒரு பெண், கையில் ஐஸ்க்ரீம் வைத்திருந்த புருஷனோடு கஸ்தூரிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம், அதற்குப் பின்னால் கல்லூரிப் பையன்கள், அதற்குப் பின்னால் ஒரு சாமியார், அவருக்குப் பின்னால் யார் யாரோ. நின்றவர்களை நிற்கவில்லை என்று சொல்ல மாதம்மாவுக்கு வாய் வராது. வைத்த எட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"சரி வாங்க. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு."

இப்படித்தான் சென்னைக் கடற்கரையில் அலைக்கு வரிசை ஏற்பட்டது. பட்டணத்து ஜனங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் லாரிக்கு நின்றவர்கள் அவர்கள், ரேஷனுக்கும் சினிமாவுக்கும் லிஃப்டுக்கும் நின்றவர்கள். கடலுக்கும் நிற்க வேண்டும் என்றால் நின்றுவிட்டுப் போகிறோம், முன்னாடியே சொல்லியிருந்தால் குடை கொண்டுவந்திருப்போமே என்றுதான் கேட்டார்கள். குடியிருப்பு வாரியத்து வீடுகளிலிருந்து வந்த பெண்கள் மாதம்மாவை ஒரு பார்வை பார்த்ததுமே யாரென்று புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் செருப்புகளைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு பஜ்ஜி தின்னப் போனார்கள். அவர்களைப் பார்த்து எல்லோரும் செருப்பு வைத்தார்கள். செருப்பில்லாதவர்கள் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள், கைக்குட்டை வைத்து மேலே கிளிஞ்சல் வைத்தார்கள், ஒருவர் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போய் திரும்பி வர வழி தெரியாமல் தவித்தார். சுண்டல்காரர்கள் கூவுவதை விட்டுவிட்டு வரிசையோடு நடந்தே விற்றுத் தீர்த்தார்கள். குதிரைக்காரன், குதிரையில் ஏறி வந்தால் தனி வரிசை என்று ஒரு பேச்சைக் கிளப்பிப் பார்த்தான். மாதம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்ததில் குதிரையே பின்னால் போய் நின்றுகொண்டது.

சண்டையும் வந்தது. "எனக்கு வந்தது கணுக்காலக்கூட நனைக்கல, அந்த ஆளுக்குத் தொடை வரைக்கும் வந்துச்சு. எனக்கு இன்னொண்ணு வேணும்" என்று ஒரு அம்மாள் கத்தினாள்.

"உனக்கு வந்தத நீ எடுத்துக்கோ தாயி. பெருசு சிறுசு பாத்தா பொழுதுக்கும் சண்டைதான். நகரு."

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வட்டச் செயலாளர் குடும்பம் வந்திருக்கு. கொஞ்சம் முன்னாடி விடணும்."

"அவருக்கும் கால் ரெண்டுதானே? செருப்பக் கழட்டி வைக்கச் சொல்லுப்பா."

காவலர் ஒருவர் விசிலோடு வந்தார். வந்தவர், வரிசையைப் பார்த்தார், நிற்கிற அலைகளைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சர்வீஸ் முழுக்க ஊதிட்டேம்மா, தண்ணிகிட்டப் போகாதீங்க, போகாதீங்கன்னு. ஒருத்தன் கேட்டதில்ல. நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"குழாயடி."

அவர் தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து பூட்ஸைக் கழற்றி, அதையும் வரிசையில் வைத்தார்.

மீன்காரி ஒருத்தி குப்பத்திலிருந்து கூடையை மணலில் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னாமே, நீதான் நிப்பாட்டி வச்சிக்கிறியா? எங்க குப்பத்தாண்ட வர்ற அலைகூட இங்க வந்து குந்திக்கினு கீது. எம் வூட்டுக்காரன் போட்டு அதோ உள்ள நிக்குது பாரு!"

"வேலைக்குப் போயிட்டு வர்றவங்கள நிக்க வைக்கக்கூடாது. போட்டு முதல்ல வரட்டும்" என்று மாதம்மா கையை அகட்டிக் காட்டினாள். அலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, படகு தாம்பாளத்தில் வைத்துக்கொடுத்த மாதிரி ஆடாமல் அசையாமல் கரைக்கு வந்தது. மீன்காரி வாயைப் பிளந்தாள். "சோக்கா கீதே! நாளிக்கும் வர்றியாக்கா?"

கலயத்தில் அப்பாவின் சாம்பலைக் கொண்டுவந்து பின்னால் நின்ற ஒரு குடும்பத்தையும் அவள்தான் கண்டுபிடித்து முன்னே அழைத்தாள். கைக்குழந்தைக்காரிகளை அழைத்தாள். ஊன்றுகோலோடு நின்ற ஒருவரை அழைத்தாள். இப்படி ஒவ்வொருவராக முன்னே விட்டு விட்டு, தான் மட்டும் காய்ந்த மணலில் நின்றாள். உள்ளங்கால் அரித்தது. ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்தாள், விரல்களை மணலில் நோண்டினாள், ஒவ்வொரு அலை முடிந்ததும் வரிசையின் வாலைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வால் வளர்ந்தது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள், பட்டினப்பாக்கத்தைத் தொட்டுவிட்டது என்றார்கள், தாம்பரத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள் என்றார்கள். கடலுக்குள்ளும் அதே கதைதான். நின்று நின்று அலைகளுக்குக் கால் கடுத்துவிட்டது. ஒன்றின் முதுகில் ஒன்று மூச்சு விட்டது. பின்னால் நின்றவை எக்கி எக்கிக் கரையைப் பார்த்தன. நுரை மென்று, துப்பி, மறுபடி மென்று, கடல் முழுவதும் ஒரு இடத்தில் நிற்க முடியாத குழந்தை போல நெளிந்துகொண்டிருந்தது.

ரோட்டிலிருந்து முபாரக் ஹாரன் அடித்தான். ஒருமுறை அடித்தான், நீளமாக அடித்தான், பிறகு அவனே இரண்டாம் தடவையாக மணலில் கால் புதையப் புதைய வந்துவிட்டான். "யம்மா, எல்லாரும் ஏறியாச்சு. நீங்க ஒருத்தர்தான்."

"இன்னும் நாலு பேரு தம்பி. முடிச்சுட்டு என் காலையும் நனைச்சுட்டு வந்துடறேன்."

"அப்ப வந்தப்பவும் நாலு பேருன்னுதான் சொன்னீங்க."

அவன் பின்னாலேயே கஸ்தூரியும் பூங்காவனத்தம்மாவும் இறங்கி வந்தார்கள். கஸ்தூரி வரிசையைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள். "ஏக்கா, கடைசி ஆளா நீ புடிக்கறது நம்ம தெருவுல சரி. அங்க கடைசின்னு ஒரு வீடு இருக்கு. இங்க எங்க இருக்கு கடைசி? மெட்ராஸு பூரா நனைஞ்சு முடிஞ்சு நீ எப்ப நனையறது?"

"பின்னால யாரும் சேராதீங்கன்னு சொல்லிப் பாத்தேன்டி. அவங்களும் ஆசையாத்தானே வர்றாங்க."

"அப்ப முன்னாடி பூந்துடு. ஒரு அலைதானே. யாரு உன்னக் கேக்கப் போறா?"

"வேணாம் மாதம்மா" என்றாள் பூங்காவனத்தம்மா மெதுவாக. "ஒருதரம் நீயே முண்டிட்டேன்னு வையி, அப்புறம் நீ நில்லுன்னா எவ நிப்பா? இவதான் முதல்ல நிக்கமாட்டா."

"ஆமா, நிக்கமாட்டேன்" என்றாள் கஸ்தூரி. "அதுக்காக அக்கா கால் நனையாம வீட்டுக்கு வரணுமா? இதுக்காகத்தானே அது வந்துச்சு! சிங்கத்தப் பாக்கும்போதுகூட, கடல் எந்தப் பக்கம்னுதான் கேட்டுச்சு."

இருவரும் அவளை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சூரியன் பட்டணத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மணலில் வரிசையாக வைத்த செருப்புகளின் நிழல் நீண்டு நீண்டு தண்ணீர் வரைக்கும் போய்விட்டது. அவளுடைய நிழலும் போயிருந்தது. நிழலின் தலை ஈர மணலில் கிடந்தது, கால் இங்கே காய்ந்து கிடந்தது.

வரிசையின் தலையில் அப்போது மீசை நரைத்த ஒருவர் நின்றிருந்தார். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்து, சாக்ஸைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்து, மத்தியானத்திலிருந்து நின்ற களைப்போடும் தன் முறை வந்துவிட்ட பெருமையோடும் அலையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மாதம்மா கையசைக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"நான் ஒருதரம் நின்னுக்கறேன் சார்."

"இது என் முறை. இவ்வளவு நேரம் நின்னிருக்கேன். நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பண்ணக்கூடாதுதான் சார்" என்றாள் மாதம்மா. சொன்னாளே தவிர நகரவில்லை.

அவ்வளவுதான், வரிசை கொதித்துப் பொங்கியது. "ஏய், வரிசையில வாம்மா!" என்று சத்தம் பின்னால் பின்னால் போய் கலங்கரை விளக்கம் வரைக்கும் போயிற்று. சட்டம் பேசறவங்க பண்ற வேலையா இது என்றார்கள், வயசானா புத்தி வேணாமா என்றார்கள், வட்டச் செயலாளர் கைதட்டிச் சிரித்தார், வேனில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அங்கே யாரோ முண்டுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்து யாரென்று தெரியாமலேயே, பழக்க தோஷத்தில் அவளுடைய வசவுகளையே எடுத்து அவள்மேல் எறிந்தார்கள். வரிசைக்கு இந்தப் பக்கமே நின்று பழகியவள், அந்தப் பக்கத்திலிருந்து அது எப்படிக் கேட்கும் என்பதை அன்றுதான் கேட்டாள். காது சுட்டது. முதுகு கூசியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஆனால் காலை எடுக்கவில்லை.

அலைகள் அவளைப் பார்த்தன. சொன்னவளே வரிசையை உடைத்துவிட்டாள் என்று முதல் அலைக்குத் தெரிந்தது, முதல் அலை திரும்பி இரண்டாவதிடம் சொன்னது, இரண்டாவது மூன்றாவதிடம் சொன்னது, சொல்லி முடிப்பதற்குள், மத்தியானத்திலிருந்து கால் கடுக்க நின்ற அத்தனை அலையும், பெரிதும் சிறிதும், கிழடும் குஞ்சும், வங்காளத்திலிருந்து வந்து நின்றதும் இலங்கைப் பக்கமிருந்து வந்து நின்றதும், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, ஒன்றின் காலை ஒன்று வாரி, ஹோவென்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தன; வரிசையில் நின்ற செருப்புகளை வாரின, பூட்ஸை வாரின, மூக்குக்கண்ணாடியை வாரி யாரோ ஒருவர் மடியில் போட்டன, பஜ்ஜிக் கடையின் அடுப்பை உஸ்ஸென்று அணைத்தன, ரோடு வரைக்கும் ஏறி வேன் ஜன்னல் வழியாக எங்கள் தெருப் பெண்களையும் நனைத்தன, முறை வந்தவர் வராதவர், முன்னால் நின்றவர் பின்னால் நின்றவர், தாம்பரத்துக்காரர் தர்மபுரிக்காரர் என்று பார்க்காமல் தலைகுப்புறத் தள்ளி உருட்டின. கத்திக்கொண்டிருந்த வாய்களிலெல்லாம் தண்ணீர் புகுந்தது. புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்தவர்களுக்கு, எதற்காகக் கத்திக்கொண்டிருந்தோம் என்று ஞாபகம் வரவில்லை; பக்கத்தில் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். மீசைக்காரர் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சாக்ஸைத் தேடியபடி, "போதும், போதும்" என்று கடலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள் மாதம்மா. முதல் அலை அவள் காலில் மோதியது. அது அவள் கேட்ட அலை. அடுத்தது இடுப்பில் மோதியது, அடுத்தது தலைக்கு மேலே போயிற்று, அதற்கடுத்தது அவளைத் தூக்கிப் புரட்டியது. கஸ்தூரி ஓடிவந்து கொண்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் அவள் எந்த ஊர்க் கரையில் போய் ஏறியிருப்பாளோ. இழுத்துப் போட்ட இடத்தில் உட்கார்ந்து, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் வழிய, காது நிறைய மணலோடு, அவள் பேந்தப் பேந்த விழித்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?" என்றாள் கஸ்தூரி.

மாதம்மா இருமினாள். "என்னாடி இது" என்றாள். "யாரு பேச்சையும் கேக்கல!" சொல்லிவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

கடல் தன் இரைச்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வரிசை இருந்த இடம் தெரியவில்லை. காவலர் விசிலிலிருந்து தண்ணீரை உதறி ஊதிப் பார்த்தார். வழக்கம்போல ஒருவரும் கேட்கவில்லை. கால் மாற்றிப் போட்ட செருப்புகளோடு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள், மாதம்மாவும் கஸ்தூரியும் பூங்காவனத்தம்மாவும் வேனுக்குப் போனார்கள்.

வேன் கிளம்பியபோது அவரவர் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். யாரைத் திட்டினோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. மாதம்மா பின் இருக்கையில், ஈரச் சேலையோடு, அவிழ்ந்த தலையோடு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் முதலில் ஒரு குரல் எழும்பியது, பிறகு எல்லாக் குரலும் எழும்பின. செய்தது தப்புதான் என்றார்கள் சிலர், அந்தக் கூட்டத்தில் வேறென்ன செய்வாள் என்றார்கள் சிலர், அவள் முண்டியதால்தானே எல்லோரும் நன்றாக நனைந்தோம் என்றாள் ஒருத்தி, என் புது சேலை போச்சே என்றாள் இன்னொருத்தி.

"அதெல்லாம் விடுங்க" என்றாள் கஸ்தூரி. "இனிமே அக்கா நில்லுன்னா யாரு நிக்கப் போறா? அத யோசிச்சீங்களா?"

யோசித்திருக்கவில்லை. குழாயடியில் மாதம்மாவின் குரலில்லாத ஒரு காலை நேரத்தை நினைத்துப் பார்த்து, உடைகிற குடங்களையும் பிய்கிற கொண்டைகளையும் நினைத்துப் பார்த்து, ஒவ்வொருத்தியாகத் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாதம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஈர விரலால் கால் விரல்களுக்கிடையில் ஒட்டியிருந்த மணலை எடுத்து எடுத்து, எடுக்க மனமில்லாமல் மறுபடி அங்கேயே விட்டாள்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் சாலையோரத்து டீக்கடை ஒன்றில் முபாரக் வேனை நிறுத்தினான். ஏற்கெனவே இரண்டு பஸ் வந்து நின்றிருந்தது. டீ போடுகிறவரைச் சுற்றி ஆண்களும் பெண்களும் கையை நீட்டி, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி, எனக்கு எனக்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கைகளில் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அவர் டம்ளரை வைத்துக்கொண்டு முழித்தார். எங்கள் தெருப் பெண்கள் அந்த முட்டலுக்குள் போகவும் முடியாமல் வேனுக்குத் திரும்பவும் மனமில்லாமல் ஒதுங்கி நின்று, பழக்கத்தில் மாதம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்; பார்த்துவிட்டு, பார்த்திருக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மாதம்மா வேனிலிருந்து இறங்கினாள். உதிர்ந்த மணல் வழியெல்லாம் கோடு போட, நேராகக் கூட்டத்துக்குள் நுழைந்து, முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு போடுப்பா. சக்கரை தூக்கலா. வாயெல்லாம் உப்பு."

முதல் டம்ளர் அவள் கைக்கு வந்தது. ஆவி பறக்கிற டம்ளர். கடைசி டீயை ஆறிப்போனபின் குடித்தே பழகியவள் நாக்கைச் சுட்டுக்கொண்டாள், ஊதிக்கொண்டாள், மறுபடி குடித்தாள். அவசரமில்லாமல், ஒரு சொட்டு விடாமல், எல்லோரும் பார்க்கப் பார்க்கக் குடித்தாள். காலி டம்ளரைப் பலகையில் வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ம். இப்ப வரிசையில வாங்க."

யாரும் அசையவில்லை. பூங்காவனத்தம்மா கஸ்தூரியைப் பார்த்தாள், கஸ்தூரி பூங்காவனத்தம்மாவைப் பார்த்தாள், பஸ்காரர்கள் இது யாரடா என்று பார்த்தார்கள். டீ போடுகிறவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, மாதம்மா யாரை அழைக்கப் போகிறாள் என்று காத்திருந்தார்.

"முதல்ல குடிச்சவ சொல்றா பாரு சட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கஸ்தூரி போய் நின்றாள். நின்றவள், பின்னால் வந்து இடித்த பஸ்காரரைத் திரும்பிப் பார்த்து, "இடிக்காம நில்லுய்யா" என்றாள்.